மாத்தூரைத் தாண்டாத ஹெரால்டு

குழு: தாத்தா வீட்டார்

புதன்

செந்தில், இரவு 8.52: பெரியப்பா, தாத்தாவின் ஹெரால்டு கார் இன்றைக்கும் மாத்தூர் தாண்டியதும் நின்றுவிட்டது. மூன்றாவது முறை. முன்பக்கம் முழுவதையும் கவிழ்த்துத் திறந்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது.

வசந்தா அத்தை: ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு அந்த வண்டியில்தான் என்று புதுக்கோட்டை முழுக்கச் சொல்லிவிட்டேனே!

ரவி மாமா: வேப்பர் லாக். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது. தாத்தா 1968இல் வாங்கிய வண்டி, அதே பம்ப். கழற்றிப் போட்டுவிட்டு டாங்க் அருகில் ஒரு மின்சாரப் பம்ப் வை. இணையத்தில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

பெரியப்பா: மாப்பிள்ளை, இவன் இரவில், தூறலில் நின்றிருக்கிறான். சூடுதான் காரணம் என்றால் ஜங்ஷன் நெரிசலில் அல்லவா முதலில் நிற்க வேண்டும்? அங்கே காற்றே படாது. நெரிசலைத் தாண்டி, நேர்ச்சாலையில் நன்றாக ஓடும்போது நிற்கிறது. பெட்ரோல் அதிகம் கேட்கும் நேரத்தில் கிடைக்கவில்லை.

ரவி மாமா: அதனால்தான் மச்சான் மின்சாரப் பம்ப்.

பெரியப்பா: பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் சோலெக்ஸ் கார்புரேட்டரில், பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடும் ஊசி வால்வு சதுர அங்குலத்துக்கு இரண்டு, மூன்று பவுண்டு அழுத்தத்தைத்தான் தாங்கும். இன்றைய இஞ்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப் 40 பவுண்டுக்கு மேல் தள்ளும். தெரியாமல் அதை வாங்கிப் பூட்டினால் வால்வை மீறிப் பெட்ரோல் பொங்கிச் சூடான எஞ்சின் மேல் வழியும். அளவான பம்பாகவே இருந்தாலும், எஞ்சின் நின்ற பிறகு தானாக நிறுத்தும் சுவிட்ச் இல்லாமல் வைக்கக் கூடாது. விபத்தில் குழாய் அறுந்தால் அது பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருக்கும். எங்கே தடைபடுகிறது என்று தெரியாமல் எதை மாற்றுவது?

கவிதா: பெரியப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது 😄

பெரியப்பா: செந்தில், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடு. தீப்பொறி வராதபடி காயில் வயரை எடுத்துவிட்டு அரை நிமிடம் ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல். எவ்வளவு வருகிறது என்று பார். பக்கத்தில் யாரும் பீடி குடிக்கக் கூடாது.

வியாழன்

செந்தில், காலை 7.30: நன்றாகவே வருகிறது பெரியப்பா. ஒவ்வொரு துடிப்புக்கும் பீச்சியடிக்கிறது.

ரவி மாமா: அப்படியென்றால் கார்புரேட்டர். அதற்குள் பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளை, அந்த ஜெட்டில் அடைப்பு.

பெரியப்பா: ஜெட் அடைத்தால் வீட்டு வாசலிலேயே தகராறு செய்யும், இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நிற்காது. பித்தளை மிருதுவானது. கம்பியைக் கொண்டு குத்திவிடாதே தம்பி, துளை பெரிதாகிவிடும். காற்று ஊதினால் போதும். கொஞ்சம் யோசிக்க விடுங்கள்.

செந்தில்: ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நேற்று பங்க்கில் மூடியைத் திறந்தபோது உஸ்ஸென்று ஒரு சத்தம்.

பெரியப்பா: காற்று வெளியே வந்ததா, உள்ளே போனதா?

செந்தில்: கையை உறிஞ்சியதுபோல் இருந்தது என்று பங்க் பையன் சொன்னான்.

பெரியப்பா: அந்த மூடி ஏது? அப்பா காலத்து மூடியா?

கவிதா: இல்லை பெரியப்பா. பெட்ரோல் திருட்டுக்குப் பயந்து தீபாவளிக்கு முன்னால் நான்தான் பூட்டு மூடி வாங்கிப் போட்டேன்.

பெரியப்பா: அதில் காற்றுத் துளை இல்லை. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டாங்க் உள்ளுக்கு இழுக்கும். எஞ்சின் தண்டில் ஓடும் சின்ன டயாபிரம் (சவ்வு) பம்ப் அதோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டும்? வண்டி நின்றதும் இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போகிறது, கால் மணி நேரத்தில் சமாதானம் ஆகிவிடுகிறது. காலையில் சோதனை சரியாக வந்ததும் அதனால்தான். இரவெல்லாம் காற்று போய்ச் சேர்ந்திருக்கும். பழைய மூடியைப் போட்டு ஓட்டிப் பார்.

வசந்தா அத்தை: அது மளிகைச் சீட்டு பறக்காமல் இருக்க என் சமையலறையில் இருக்கிறது. அனுப்பி வைக்கிறேன் அண்ணா.

வெள்ளி

செந்தில், மாலை 6.15: கீரனூரிலிருந்து அனுப்புகிறேன்! நிற்கவே இல்லை.

செந்தில்: 📷 பம்பின் கண்ணாடிக் கிண்ணம். அடியில் இந்தப் பழுப்புச் சேறு என்ன?

பெரியப்பா: எத்தனால் வேலை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. பல வருஷமாக டாங்க்கில் படிந்த அழுக்கை அது கரைத்துக் கொண்டுவரும். தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். கிண்ணத்தைக் கழற்றிக் கழுவு. கார்க் வாஷரைப் பிய்த்துவிடாதே. ரப்பர் குழாயை விரலால் அழுத்திப் பார்.

செந்தில்: கொழகொழவென்று இருக்கிறது.

பெரியப்பா: உடனே மாற்று. பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உரியும்; அந்தத் துணுக்குதான் ஊசி வால்வில் போய் உட்காரும். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்கு, ஆர்9 என்று மேலே அச்சிட்டிருக்கும். டயாபிரமும் அப்படியே. ஸ்பார்க் பிளக் முனை என்ன நிறம்?

செந்தில்: வெள்ளையாக இருக்கிறது.

பெரியப்பா: பெட்ரோல் போதவில்லை. ஒரு பங்கு சுத்தமான பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9தான். 20 சதவீதக் கலவைக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 13.5 வரும். காற்று அதே அளவு வருகிறது, ஜெட்டும் அன்று துளைத்த அதே ஜெட்; கலவை நீர்த்துத்தானே போகும்? ஜெட்டில் பொறித்த எண் துளையின் அளவு, 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். ஒரு எண் பெரியது போட வேண்டும். கல்யாணம் முடியட்டும், அவசரத்தில் கை வைக்காதே.

கவிதா: ரவி மாமா சத்தத்தையே காணோம்?

ரவி மாமா: பம்ப் நேற்றே வந்து சேர்ந்துவிட்டது.

வசந்தா அத்தை: எவ்வளவு கொடுத்தீர்கள் என்று என்னிடம் சொல்லவே இல்லை!

பெரியப்பா: செந்தில், இன்னொன்று. வண்டி இரண்டு வாரம் ஓடாமல் நின்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். ஸ்டார்ட்டரைப் போட்டு பேட்டரியைச் சாகடிக்காதே. பம்ப் அடியில் கை நெம்புகோல் இருக்கிறது, கனம் தெரியும்வரை பத்து முறை அடி. லூசாக ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று பதறாதே. ஃபேனைப் பிடித்து எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடி.

வசந்தா அத்தை: எல்லாம் சரி அண்ணா. பூட்டு இல்லாத மூடியோடு இரவெல்லாம் மண்டப வாசலில் நிற்குமே, பெட்ரோலை எடுத்துவிட்டால்?

கவிதா: ரவி மாமா வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வார் அத்தை. புதுப் பம்ப் துணைக்கு இருக்கிறது.