சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறது, ஏன்?

கேள்வி:
மாடிப்படி விளக்கில் பல வருஷமாக 60 வாட் குண்டு பல்புதான். ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரம் 9 வாட் எல்இடி மாட்டினேன். அணைத்த பிறகும் மின்மினி மாதிரி எரிந்துகொண்டே இருக்கிறது. பல்புதான் கோளாறு என்று வேறொன்று வாங்கி மாட்டினேன், அதுவும் அப்படியே. மீட்டர் ஓடுமா? ஷாக் அடிக்குமா?

பதில்:
பல்பைத் திட்டாதீர்கள். அணைத்ததும் சிவப்பாக எரியும் குட்டி இண்டிகேட்டர் சுவிட்சில் இருக்கிறதா? அதற்கான மின்சாரம் பல்பு வழியாகத்தான் போகும். மிஞ்சிப்போனால் ஒரு மில்லியாம்பியர், மாதம் கால் யூனிட்கூட ஆகாது. குண்டு பல்புக்கு அது உறைக்காது. டங்ஸ்டன் இழை சுமார் 2,500 டிகிரிக்குக் காய்ந்தால்தான் வெளிச்சம், அதற்குக் கால் ஆம்பியர் வேண்டும். 1879-இல் எடிசன் எரியவிட்ட கரி இழையும் சூட்டில் வந்த வெளிச்சம்தான். ஏன், அரிக்கேன் விளக்கின் மஞ்சள் சுடரே காய்ந்து ஒளிரும் கரித்துகள்தானே! எல்இடிக்குச் சூடேற வேண்டியதில்லை, துளி மின்சாரம் போதும்.

கேட்டவர்:
இண்டிகேட்டர் இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, டூவே சுவிட்ச். வீடு பழசு.

இன்னொரு பதில்:
வயரிங் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன். டூவேயில் வயர்கள் ஒரே பைப்பில் ஒட்டி ஓடும். ஃபேஸ் வயர், அதாவது மின்சாரம் வரும் வயர், பக்கத்து வயரைத் தொடாமலே அதில் கொஞ்சம் மின்சாரத்தைத் தூண்டிவிடும். அப்படியென்றால் ஆபத்தில்லை, ஏசி மின்சாரத்துக்கென்றே வரும் எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை பல்புக்கு இணையாகப் போட்டால் நின்றுவிடும்.

ஆனால் பழைய வீடு என்கிறீர்களே, அதுதான் உதைக்கிறது. சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் இருந்தாலும் இப்படி எரியும். அணைத்துவிட்டு ஹோல்டரின் இரண்டு பின்னிலும் டெஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்றில் பளிச்சென்று எரிந்தால் வயர் மாறியிருக்கிறது என்று வையுங்கள். அணைத்திருந்தாலும் ஹோல்டரில் முழு 230 வோல்ட் நிற்கும். நீங்களே கை வைக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மெயினை அணைத்துவிட்டுத்தான் வேலை.

கேட்டவர்:
எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். நியூட்ரலில்தான் சுவிட்ச்! மாற்றிக் கொடுத்ததும் சுத்தமாக அணைகிறது. சுவிட்ச் அணைந்திருக்கிறதே என்ற தைரியத்தில் இத்தனை வருஷம் ஸ்டூல் போட்டு ஏறி நானேதான் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். கெட்டது என்று கழற்றிப்போட்ட முதல் எல்இடி இப்போது திண்ணையில் எரிகிறது.