சிம்னி குழாயை 11 அடி இழுக்கலாமா? போட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் பழைய அடுக்குமாடி வீடு. சமையலறை 8க்கு 7 அடிதான். அம்மா மிளகாய் தாளித்தால் மாடிப்படியில் ஏறுகிறவருக்கும் இருமல் வரும். சரி, சிம்னி போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம். குழப்பமே அதற்குப் பிறகுதான்.

எங்கள் அடுப்பு மூன்று பர்னர், 75 செ.மீ. அகலம். கடையில் 60 செ.மீ. சிம்னியே போதும் என்கிறார்கள். அடுப்பைவிடச் சிம்னி குறுகலாக இருந்தால் ஓரத்துப் பர்னரின் புகை நழுவிவிடாதா? 90 வாங்கினால் பக்கத்து அலமாரியை அறுக்க வேண்டும். அம்மா விடமாட்டார்.

பெரிய தலைவலி குழாய்தான். அடுப்புக்குப் பின்சுவர் பக்கத்து வீட்டோடு பொது. வெளிச்சுவர் வரை 6 அங்குலக் குழாயை 11 அடி கொண்டுபோய், இரண்டு இடத்தில் வளைக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் இழுவை குறையும் என்று தெரியும். கூடுதல் திறனுள்ள சிம்னி வாங்கினால் ஈடுகட்டிவிடலாமா, சத்தம்தான் கூடுமா? குழாயில்லாத கரி வடிகட்டி வகையில் மனம் ஒப்பவில்லை. வாசனை குறையும், வெக்கை உள்ளேயே சுற்றும். கரியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. மேடையில் 6 ஆம்பியர் பிளக் மட்டும்தான். கூடவே இண்டக்ஷன் அடுப்பும் வைக்க நினைக்கிறோம். 2000 வாட் அடுப்புக்குக் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் வேண்டும். 16 ஆம்பியருக்குத் தனி லைன் இழுக்கச் சுவரை உடைக்காமல், வெளியே கேசிங் (ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) போட்டவர்கள் உண்டா? எண்ணெய்ப் பிசுக்கு ஏறாமல் இருக்கிறதா?

நீளக் குழாய் போட்டவர்கள், வெளிமுனையில் புறா கூடு கட்டாமலிருக்க என்ன மாட்டினீர்கள் என்றும் சொல்லுங்கள். முடிந்தால் படம் போடுங்கள்.