ரூட் கேனால் பண்ணின பல்லில் ஃபைபர் போஸ்ட்: வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரி

மேல் வரிசையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் இரண்டாவது பல். ரூட் கேனால் முடிந்திருந்தது. வலி இல்லையென்றால் பல்லை மூடுகிற கேப்புக்கு மெதுவாக வாருங்கள் என்றுதான் அங்கே சொன்னார்கள். போன வாரம் டீயோடு வர்க்கியை நனைக்காமல் கடித்தேன், டக்கென்று ஒரு சத்தம், நாக்குப் பக்கத்துச் சுவர் அப்படியே கழன்று கையில் வந்துவிட்டது. வலி துளிகூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

கோயம்புத்தூரில் பார்த்த டாக்டர், ஃபைபர் போஸ்ட் (வேர்க்குழிக்குள் ஒட்டுகிற கண்ணாடி இழைக் குச்சி) வைத்து மேலே கோர் (உடைந்த பகுதிக்குப் பதிலாகக் கட்டுகிற மேடை) கட்டி கேப் போடலாம் என்றார். அதைச் சொல்வதற்கு முன்னால், கோடு போட்ட மெல்லிய கம்பியால் பல்லைச் சுற்றி ஈறுக்கு மேல் எவ்வளவு சுவர் மிச்சம் என்று அளந்தார். "மூணு, ரெண்டரை, ரெண்டு" என்று பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டே வந்தவர், நாக்குப் பக்கம் வந்ததும் பேசவில்லை. மறுபடி அளந்தார். அப்புறம் "அரை" என்றார். அரை மில்லிமீட்டர். அந்தக் குரல் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. இப்படிக் குறைந்த சுவரில் போஸ்ட் வைத்து யாருக்காவது நின்றிருக்கிறதா?

வெலிங்டன்

அக்கா, எப்படியும் மெட்டல் மட்டும் வேண்டாம். அப்பாவுக்கு முன்பல்லில் ஸ்டீல் திருகு போஸ்ட் இருந்தது. பல வருஷம் ஒன்றுமில்லை. பிறகு ஈறில் சின்னக் கொப்புளம் ஒன்று வரும், உடையும், ஆறும், மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள், எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் அந்த அளவுக் கம்பியை ஈறை ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். சுற்றிலும் 2, 3 மில்லிமீட்டர்தான் இறங்கியது, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் கம்பி சரக்கென்று உள்ளே போய்விட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேர் நீளவாக்கில் பிளந்திருக்கிறது, பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். ஸ்டீலின் விறைப்பு நம் பல்லின் டென்டினைவிட, அதாவது எனாமலுக்கு உள்ளே இருக்கிற பகுதியைவிட, சுமார் 10 மடங்கு. கடிக்கிற கடியெல்லாம் ஆப்பு அடித்த மாதிரி வேருக்குள் இறங்குகிறது. கண்ணாடி இழை போஸ்ட் ஏறக்குறைய பல்லோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும்.

கூடலூர்

வெலிங்டன் சகோ, அப்பாவுக்கு நடந்தது கஷ்டம்தான், ஆனால் மெட்டல் என்றாலே ஒன்று என்று சொல்லாதீர்கள். திருகு போஸ்ட் வேறு, அளவெடுத்து லேபில் வார்த்துக் கொடுக்கிற போஸ்ட் வேறு. திருகு வேரைக் கவ்விக்கொண்டு இறங்குவதால் வைக்கும்போதே அழுத்தம் கொடுக்கும். எனக்குச் சின்ன வயதில் விழுந்து அடிபட்ட முன்பல், வேர்க்குழி நன்றாக விரிந்துபோயிருந்தது. அதில் ரெடிமேட் ஃபைபர் குச்சி ஆடும், சுற்றிலும் சிமென்ட்தான் நிறையும் என்று சொல்லி வார்த்த போஸ்ட் வைத்தார்கள். இன்றுவரை ஆடவில்லை. கேப் ஓரத்தில் ஈறு லேசாகக் கருத்துத் தெரிகிறது, அது உண்மை. அப்பாவுக்கு ஈறுக்கு மேல் எவ்வளவு பல் இருந்தது என்று கேட்டீர்களா? அதைக் கேட்காமல் ஸ்டீல் மேல் மட்டும் பழியைப் போட முடியாது.

அரவங்காடு

பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். முதலில் என் கதை: கீழ்ப் பல்லில் ஃபைபர் போஸ்ட். பர்லியாறில் பஸ் நின்றபோது கடலை மிட்டாய் வாங்கிக் கடித்தேன், கேப், கோர், போஸ்ட் எல்லாம் ஒன்றாக மிட்டாயோடு வந்துவிட்டன. வேரில் கீறல்கூட இல்லை, சுத்தம் பண்ணி மறுபடி ஒட்டிக் கொடுத்தார்கள். ஃபைபர் தோற்றால் பெரும்பாலும் இப்படித்தான் தோற்கும், பல் தப்பித்துவிடும். அதனால்தான் எனக்கு அதன் மேல் நம்பிக்கை.

கோத்தகிரிக்கு: போஸ்ட் பல்லுக்குப் பலம் கொடுக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது மேலே கட்டுகிற கோர் பகுதியைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். பலம் என்பது மிச்சமிருக்கிற சுவரில் இருக்கிறது, அந்தச் சுவரைக் கேப் சுற்றிலும் 1.5, 2 மில்லிமீட்டராவது கட்டிப்பிடிக்க வேண்டும், அதற்குத்தான் உங்கள் டாக்டர் அளந்திருக்கிறார். திரும்ப அளந்தார் என்றால் நல்ல டாக்டர். போகும்போது கேளுங்கள்: வேர் நுனியில் ரூட் கேனால் அடைப்பு 4, 5 மில்லிமீட்டர் விட்டுவைப்பார்களா, ஒட்டும்போது எச்சில் படாமல் பல்லைச் சுற்றி விரிக்கிற ரப்பர் டேம் ஷீட் போடுவார்களா. எச்சில் ஒரு சொட்டுப் பட்டாலும் ஒட்டுவது போயிற்று. ரூட் கேனாலில் கிராம்பு எண்ணெய் வாசமுள்ள பழைய வகை சிமென்ட் போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், குழிச் சுவரை நன்றாகச் சுத்தம் செய்யாவிட்டால் போஸ்டை ஒட்டுகிற ரெசின் சரியாக இறுகாது. போஸ்டுக்காக நல்ல வேரைக் குடைந்து பெரிதாக்க விடாதீர்கள், குடையக் குடைய வேர் மெலியும். கடைவாய்ப்பல்லாக இருந்தால் பெரும்பாலும் போஸ்டே தேவைப்படாது, பல்லின் உள்ளறையே கோர் பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கேப்பை ஆறப்போடச் சொன்னவர்கள் சொன்னது சரியே இல்லை. 2002-இல் அமெரிக்காவின் அயோவாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில், ரூட் கேனால் செய்து கேப் போடாத பற்கள் போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன. நம் மலையில் டிசம்பர் பனிக்குப் பல் கூசினால் உடனே டாக்டரிடம் ஓடுகிறோம், ஆனால் நரம்பு எடுத்த பல் கூசாது, விரிசல் விழுந்தாலும் சொல்லாது.

வெலிங்டன்

கூடலூர், கேட்டேன். அந்த டாக்டரும் ஈறு மட்டத்துக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் போஸ்ட் வைத்திருக்கிறார்கள் என்றுதான் சொன்னார். அப்படியிருக்கிற பல்லில் திருகை வைத்ததுதான் என் கோபம்.

கோத்தகிரி

எல்லோருக்கும் நன்றி. அரவங்காடு சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். இன்று டாக்டரிடம் போனில் பேசினேன். அந்த அரை மில்லிமீட்டருக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று ஈறையும் கொஞ்சம் எலும்பையும் குறைத்துச் சுவரை வெளியே கொண்டுவருவது, இதில் பக்கத்துப் பற்களின் எலும்பும் குறையும். இன்னொன்று, கம்பி கட்டிப் பல்லை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டு அதன் பிறகு போஸ்ட் வைப்பது. எனக்கு இரண்டாவதுதான் மனசுக்குப் படுகிறது, ஆனால் அதற்கு அடிக்கடி மலை இறங்க வேண்டும், மழை பிடித்தால் மேட்டுப்பாளையம் ரோடு எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. இப்படி இழுத்து வைத்தவர்கள் யாராவது இருந்தால், இடையில் தேதி தள்ளிப்போனால் பல் திரும்ப மேலே ஏறிவிடுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

அரவங்காடு

ஏறும், அதனால்தான் இழுத்து முடித்த பிறகும் கொஞ்ச நாள் கம்பியோடு அப்படியே கட்டி வைப்பார்கள். தேதி தள்ளினாலும் கம்பியை நீங்களாகக் கழற்றாதீர்கள், அறுந்தாலோ தளர்ந்தாலோ உடனே போன் பண்ணுங்கள்.