சிங்கவால் குரங்கை இணையாக அடைத்தால் இனம் பெருகுமா?

வியாசர்பாடி ஆசிரியர்: வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு எங்கள் மாணவர்களை அழைத்துச் சென்றபோது, அழியும் நிலையிலுள்ள சிங்கவால் குரங்குகளை ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக அடைத்தால் போதாதா என்று ஒரு மாணவி கேட்டாள். விளக்க இயலுமா?

ராயபுரம் வாசகர்: போதாது, ஐயா. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இவை பெரும்பாலும் வளர்ந்த ஆண் ஒன்றும் பெண்கள் பலவும் சேர்ந்த கூட்டமாக வாழ்கின்றன. பெண் குரங்கு தான் பிறந்த கூட்டத்திலேயே தங்கி, மூத்த பெண்கள் குட்டி பேணுவதைக் கண்டு பழகுகிறது. தனிமையில் வளர்ந்த பெண், ஏறத்தாழ 6 மாதம் சுமந்து ஈன்ற ஒரே குட்டியையும் அணைக்கத் தெரியாமல் கைவிடக்கூடும். என்னை மிகவும் வருத்துவது இதுவே.

தண்டையார்பேட்டை வாசகர்: ஆண்களோ பருவமடைந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு விலகுபவை. பூங்காவில் அப்படி விலக வழியில்லை. ஆகவே, நெருங்கிய உறவுக்குள் இணை சேராதிருக்க, பூங்காக்கள் வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்து விலங்குகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன.

வியாசர்பாடி ஆசிரியர்: மிக்க நன்றி, நாளையே வகுப்பில் சொல்கிறேன்.