இன்சுலின் ஆரம்பித்த பிறகு அப்பாவுக்குப் பார்வை மங்கல்: ஊசியாலா, சுகராலா?

தேனிக்காரன்:
வணக்கம். அப்பாவுக்கு 56 வயது. போன மாதம்தான் சுகர் இருப்பதே தெரிந்தது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) 13.2, வெறும் வயிற்றில் 380, பிரஷர் 160/100. இன்சுலினும் மெட்ஃபார்மின் மாத்திரையும் ஆரம்பித்த மூன்று வாரத்தில் வெறும் வயிற்று அளவு 130க்கு வந்துவிட்டது. ஆனால் இப்போது பேப்பர், போன் எதிலும் எழுத்து தெரியவில்லை என்கிறார். தூரமும் மங்கல். வலி, சிவப்பு எதுவும் இல்லை. இன்சுலின் போட்டால் கண் போய்விடும் என்று யாரோ சொல்லிவைக்க, இனி ஊசி வேண்டாம் என்று அடம்பிடிக்கிறார். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு +2.50 போடணும் என்கிறார்கள். போடலாமா? இன்சுலினை நிறுத்தணுமா?

கண்பரிசோதகர் செல்வி:
தம்பி, இன்சுலினை நிறுத்தாதீங்க. சுகர் வேகமாக இறங்கிய இரண்டு மூன்று வாரத்தில், இரண்டு கண்ணிலும் ஒரேபோல, அதுவும் கிட்டத்தில் அதிகமாக மங்கினால் பெரும்பாலும் அது லென்ஸில் நீர்ச்சத்து மாறுவதால் வருவது. சுகர் உயரத்தில் இருந்த மாதங்களில் லென்ஸுக்குள்ளும் குளுக்கோஸ் புகுந்து சார்பிட்டாலாக மாறியிருக்கும். சார்பிட்டால் சட்டென்று வெளியேறாது. ரத்தத்தில் சுகர் மளமளவென்று இறங்கும்போது வெளியே நீர்த்துப்போகிறது, லென்ஸுக்குள் அடர்த்தி அப்படியே நிற்கிறது. அதனால் லென்ஸ் தண்ணீரை உள்ளே இழுக்கும், ஒளியை வளைக்கும் திறன் குறையும், பவர் பிளஸ் பக்கம் நகரும். இந்த வயதில் வெள்ளெழுத்து ஏற்கெனவே இருக்கும். அதோடு இதுவும் சேர்ந்தால் பேப்பர் படிக்க முடியாது. ஒன்றிரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய், நாலு முதல் எட்டு வாரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குப் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அதனால் இப்போது +2.50 எழுதி வாங்குவது வீண் செலவு. சுகர் ஏற்ற இறக்கமில்லாமல் நாலு முதல் ஆறு வாரம் நிற்கட்டும். பிறகு ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை பவர் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போனால் கண்ணாடி போடலாம். அதுவரை ரெடிமேட் பிளஸ் கண்ணாடி போதும்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். சிரிஞ்சில் யூனிட் கோடு தெரியாமல் இன்சுலின் அளவு கூடிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பார்வை தெளியும்வரை வீட்டில் வேறொருவர் மருந்தை ஏற்றிக் கொடுங்கள். 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போடவே கூடாது.

வீட்டில் செய்ய ஒரு சோதனை: கெட்டி அட்டையில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் அந்த ஓட்டை வழியாகத் தினசரிக் காலண்டரின் சின்ன எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தெளிந்தால் கோளாறு பவரில். தெளியாவிட்டால் வேறு காரணமும் இருக்கிறது.

விழித்திரை டாக்டர்:
மேலே சொன்னது சரி. ஆனால் லென்ஸ்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். டைப் 2 நோய் வெளியே தெரியாமலே பல வருஷம் இருந்திருக்கும். அதனால்தான் சுகர் என்று தெரிந்தவுடனே விழித்திரையைப் பார்க்கச் சொல்கிறோம். உங்கள் அப்பாவுக்கு இது இன்னும் அவசரம், இந்த வாரமே போங்கள்.

காரணம் இதுதான். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், சுகரை வேகமாக இறக்கும்போது முதல் வருஷத்தில் அது சற்றுக் கூடலாம். 1993ல் முடிவு வெளியான டிசிசிடி என்ற பெரிய சுகர் ஆய்வு டைப் 1 (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) நோயாளிகளிடம் நடந்தது. அதில் சுகரைக் கறாராகக் குறைத்தவர்களில் 13.1 சதவீதம் பேருக்கும், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 7.6 சதவீதம் பேருக்கும் இந்த ஆரம்பக்கட்ட மோசம் தெரிந்தது. ஆனால் அதே ஆய்வில், ஆரம்பத்தில் விழித்திரை நன்றாக இருந்தவர்களுக்குக் கறாரான சிகிச்சையால் புதிதாகப் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. இன்சுலினுக்கு மட்டும் உரிய விஷயமும் அல்ல இது. செமாக்ளூடைடு என்ற, இன்சுலின் அல்லாத சுகர் ஊசியை வைத்து 2016ல் வந்த ஆய்விலும் கண் சிக்கல்கள் 3.0 சதவீதம், மருந்தில்லாத ஊசி போட்டவர்களிடம் 1.8 சதவீதம். சுகர் இறங்கும் வேகமே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே சுகர் டாக்டரும் கண் டாக்டரும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்க வேண்டும். அப்பா தன் இஷ்டத்துக்கு மருந்தை நிறுத்தக் கூடாது.

கடையில் கம்ப்யூட்டரில் பார்த்தது பவர் மட்டும். விழித்திரையைப் பார்க்கச் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பா விரிய வேண்டும், அதற்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிறகு நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் தெரியாது. பைக்கில் தனியாக அனுப்பாதீர்கள். சில சொட்டு மருந்தில் ஃபினைல்எஃப்ரின் இருக்கும், அது பிரஷரை ஏற்றக்கூடும். அதனால் சொட்டு விடுமுன்பே 160/100 என்று சொல்லிவிடுங்கள்.

அதற்குள் இன்னொன்றும் பாருங்கள். கணக்கு நோட்டின் கட்டத் தாளில் நடுவே புள்ளி வைத்து, பிளஸ் கண்ணாடி போட்டு, 30 சென்டிமீட்டர் தூரத்தில், ஒவ்வொரு கண்ணாக அந்தப் புள்ளியையே பார்க்கச் சொல்லுங்கள். கோடுகள் வளைந்தாலோ அழிந்தாற்போல் இருந்தாலோ விழித்திரையின் மையத்தில் சிக்கல் இருக்கலாம்.

சுகர் கிளினிக்:
எல்லாரும் சுகரையே பேசுகிறோம். 160/100 பிரஷரும் அதே ரத்தக்குழாய்களைத்தான் இடிக்கிறது. டைப் 2 நோயாளிகளிடம் நடந்து 1998ல் வந்த யுகேபிடிஎஸ் என்ற பிரிட்டன் ஆய்வில், பிரஷரைச் சராசரியாக 154/87க்குப் பதில் 144/82ல் வைத்தவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு கூடுவது 34 சதவீதம் குறைந்தது. பத்துப் புள்ளி வித்தியாசத்துக்கே இவ்வளவு பலன்.

சிறுநீரில் ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம் (புரதம் ஒழுகுகிறதா என்று காட்டுவது), ரத்தத்தில் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், கொழுப்பு எல்லாம் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிட்டு உடம்பில் நீர் தங்கினால் விழித்திரை வீக்கமும் வடியாது. பையோக்ளிட்டசோன் என்ற சுகர் மாத்திரை நீரைத் தேக்கும், வீக்கம் உள்ளவருக்கு அதை எழுதியிருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். பிரஷர் 180/120க்கு மேல் போய்த் தலைவலியோடு பார்வை மங்கினால் கண் டாக்டருக்குக் காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவு.

தேனிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அட்டை ஓட்டையில் வலது கண் நன்றாகத் தெளிகிறது. இடது கண் கொஞ்சம்தான். கட்டத் தாளிலும் இடது கண்ணுக்குக் கோடு நெளிகிறதாம். சீட்டில் பையோக்ளிட்டசோன் இல்லை. நாளைக்கே கூட்டிப்போகிறேன். கண்ணுக்குள் ஊசி போடுவார்கள் என்கிறார்களே, அப்பா இப்போதே பயப்படுகிறார்.

விழித்திரை டாக்டர்:
அப்படியானால் இடது கண்ணில் மையப் பகுதியில் நீர் கோத்திருக்கலாம். விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள். தொடுவதும் இல்லை, ஊசியும் இல்லை, சில நிமிடம் முகவாயை வைத்து உட்கார்ந்தால் போதும். வீக்கம் மையத்தைத் தொட்டிருந்தும் பார்வை 6/6 (இயல்பான பார்வை) அளவுக்கு நன்றாக இருந்தால், உடனே ஊசி போடாமல் அடிக்கடி பார்த்துக்கொண்டு காத்திருப்பதும் சரியான வழிதான்.

பார்வை குறைந்திருந்தால் ஊசி. மரத்துப்போகச் சொட்டு விட்டு, 5 சதவீத போவிடோன் அயோடினால் கண்ணைச் சுத்தம் செய்து, கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில் 0.05 மில்லி மருந்து. குத்துவது சில விநாடிதான், அழுத்துவதுபோல் இருக்கும். முதல் சில மாதம் மாதம் ஒன்று, பிறகு ஸ்கேனைப் பார்த்து. இந்த ஊசி மருந்துகளில் பெவாசிசுமாப் விலை குறைவு. பார்வை 6/12 அல்லது அதைவிட நன்றாக இருந்தால் அதுவும் மற்ற மருந்துகளும் ஏறக்குறைய ஒரே பலன். அதைவிட மோசமாக இருந்தால் முதல் வருஷத்தில் அஃப்ளிபெர்செப்ட் என்ற இன்னொரு ஊசி மருந்து கூடுதலாக உதவுகிறது. சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் முன்பே சொல்ல வேண்டும்.

ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் கரும்புள்ளி மிதக்கலாம், வெண்விழியில் ரத்தத் திட்டு இரண்டு வாரம் வரை இருக்கலாம், இவற்றுக்குப் பயமில்லை. ஆனால் முதல் வாரத்தில் வலி ஏறிக்கொண்டே போனாலோ, வெளிச்சம் தாங்காமல் கண் சிவந்தாலோ, பார்வை இறங்கினாலோ அது கண்ணுக்குள் தொற்றாக இருக்கலாம். காலையில் பார்க்கலாம் என்று தள்ளாமல் அந்த இரவே போங்கள்.