புதுப்பிப்பு: கம்பி உயரமாக இருந்த கிட்டார்

இணையத்தில் வாங்கிய அக்கூஸ்டிக் கிட்டாரில் கம்பிகள் மிக உயரமாக இருக்கின்றன, திருப்பி அனுப்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விற்றவர்கள் கடைசிவரை தெளிவான பதில் தரவில்லை.

அப்புறம் ஒரு இசைக்கருவிக் கடைக்கு எடுத்துப் போனேன். தங்களிடம் வாங்காத கருவி என்று தெரிந்தும் பொறுமையாகப் பார்த்தார்கள். 12ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தடித்த கம்பி சுமார் 2.5 மி.மீ. உயரத்தில் இருந்தால் போதும். இதில் 4 மி.மீ.க்கு மேல். முதலில் கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருகிக் கழுத்தின் வளைவைச் சரிசெய்தார்கள். பிறகு கிட்டாரின் உடல் பகுதியில் கம்பிகளைத் தாங்கும் சாடிலின் அடிப்பக்கத்தைத் தேய்த்தார்கள் (அங்கே 2 மி.மீ. தேய்த்தால் 12ஆவது ஃப்ரெட்டில் 1 மி.மீ. இறங்குமாம்). இப்போது ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பார் கார்டு விரல் வலிக்காமல் விழுகிறது!

இணையத்தில் வாங்குவதானால், செட்டப் (இப்படிக் கம்பி உயரத்தைச் சரிசெய்வது) செய்து அனுப்புவார்களா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று முதலிலேயே கேளுங்கள். அடுத்த கருவியை நான் அந்தக் கடையில்தான் வாங்கப் போகிறேன்.