சுவர்த்தாங்கி, துளையமைவு, வடம்: தொலைக்காட்சி நிறுவலுக்கான கலைச்சொற்கள்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். தொலைக்காட்சி நிறுவலுக்கான தமிழ்ச் சொற்களைப் பற்றி நம் குழுவில் நடந்துவரும் உரையாடலில் என் கருத்துகளைச் சொல்கிறேன்.

தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டும் 'வால் மவுண்ட்' சட்டத்துக்குச் சுவரேற்றி, சுவர்ப்பற்றி, சுவர்ப்பொருத்தி, சுவர்த்தாங்கி ஆகிய நான்கு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டிருக்கின்றன. புதிய தட்டைத்திரைத் தொலைக்காட்சி வாங்குகிறவர் தருமபுரி நான்கு ரோட்டுக் கடையிலோ கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துக் கடையிலோ நின்று கேட்க வேண்டிய கேள்வியை எந்தச் சொல் அவருக்கு எடுத்துக் கொடுக்கிறதோ, அதையே நான் ஏற்பேன். ஏற்றுவது ஒரு நாள் வேலை. அதன்பின் அந்த இரும்புச் சட்டம் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறது என்பதால் சுவரேற்றி பொருந்தவில்லை. சுவர்ப்பற்றி என்பதில் ஒற்று விடுபட்டால் 'சுவரைக் குறித்து' என்று பொருள் மாறிவிடும். பொருத்தி என்னும் சொல் மின்இணைப்பு உறுப்புகளுக்கு ஏற்கெனவே வழங்கிவருகிறது. தாங்கி என்று சொன்னாலோ, சாலையோரச் சுமைதாங்கிக் கல்லை அறிந்த எவருக்கும் "எவ்வளவு எடை தாங்கும்?" என்ற அடுத்த கேள்வி தானாக எழும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான். ஆகவே என் வாக்கு சுவர்த்தாங்கிக்கே.

வகைகளில், அசையாதது நிலைத்தாங்கி, கீழ்நோக்கிச் சாய்வது சாய்தாங்கி என்பவற்றில் கருத்து வேறுபாடு இல்லை. கையை நீட்டி மடக்கும் வகைக்குக் 'கைத்தாங்கி' என்று ஓசூரிலிருந்து அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள் என்னும் வழக்கு அதில் குறுக்கிடுகிறது என்பதால், மடக்குக்கத்தி, மடக்கு நாற்காலி என்னும் வரிசையில் மடக்குத்தாங்கி என்று வைத்துக்கொள்ளலாம். சட்டத்தை முன்னே இழுக்க இழுக்க மேல் ஆணிகளின்மீது விழும் இழுவிசை கூடிக்கொண்டே போகும் என்பதால், இந்த வகைக்குத் தனிப்பெயர் இருப்பது பாதுகாப்புக்கும் உதவும்.

நாம் போதிய கவனம் செலுத்தாத சொல் வேறொன்று. தொலைக்காட்சியின் பின்புறத்தில் நான்கு மரைத்துளைகள் உள்ளன. அவற்றுக்கிடையே உள்ள தொலைவைத்தான் 'வெசா அளவு' என்கிறார்கள். கிடைத்தொலைவை முதலிலும் செங்குத்துத் தொலைவை அடுத்தும் மில்லிமீட்டரில் சொல்வது மரபு: 100-க்கு 100, 200-க்கு 200, 400-க்கு 200, 400-க்கு 400 என்று போகும். திரையின் அங்குல அளவை மட்டும் சொல்லித் தாங்கி வாங்கினால், ஒரே அங்குலத்தில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு வேறு தொலைவுகளில் துளையிட்டிருப்பதால், வீட்டுக்கு வந்தபின் சட்டம் பொருந்தாமல் போக வாய்ப்புண்டு. இதற்குத் 'துளைச்சதுரம்' என்ற சொல்லை ஓர் ஐயா முன்வைத்திருந்தார். 400-க்கு 200 என்பது சதுரமன்று, நீள்சதுரம். எனவே துளையமைவு என்று பொதுவாக வைப்பதே சரி. "உங்கள் தொலைக்காட்சியின் துளையமைவு என்ன?" என்று கேட்டால் கடைக்காரருக்கும் விளங்கும், வாடிக்கையாளரும் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பார். அத்துளைகளில் இறங்கும் மரையாணியின் பருமனையும் இதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும்: சிறிய திரைகளுக்கு எம் 4 (4 மில்லிமீட்டர் பருமன்), பெரியவற்றுக்கு எம் 6 அல்லது எம் 8. ஆணி அளவுக்கு மீறி நீண்டிருந்தால் உள்ளிருக்கும் மின்பலகையைக் குத்தும். குட்டையாக இருந்தால் இரண்டொரு மரைகளில் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கும்.

சுவர்ப் பக்கத்துச் சொல்லைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுவர்த் துளையில் செருகி ஆணியைப் பிடிக்கவைக்கும் 'ஆங்கர்' என்பதற்கு நங்கூர ஆணி என்று அகராதிப்படி எழுதியதை நான் ஏற்கவில்லை. நங்கூரம் நீரடி மண்ணில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு நிற்பது. இது துளைக்குள் விரிந்து, சுற்றியுள்ள கல்லை நெருக்கிப் பிடிப்பது. ஞெகிழி (பிளாஸ்டிக்) வருவதற்கு முன் நம் மின்பணியாளர்கள் சுவரைக் குடைந்து மரக்கட்டையை அடித்து இறக்கி, அதில் ஆணி முடுக்கினார்கள். இன்றும் பல பணியாளர்கள் 'கட்டை' என்றே சொல்கிறார்கள். அதனோடு விரிதல் என்னும் செயலைச் சேர்த்தால் விரிகட்டை கிடைக்கிறது. உலோகத்தால் ஆனதை உலோக விரிகட்டை எனலாம். இந்தச் சொல்லுக்குள்ளேயே எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது: விரிந்து நெருக்க எதிரே கெட்டிப்பொருள் இருந்தால்தான் விரிகட்டை பிடிக்கும். கருங்கல் கட்டடமோ நன்கு சுட்ட செங்கல்லோ என்றால் கவலையில்லை. ஹாலோ பிளாக் சுவரில் துளை வெற்றிடத்தில் போய் முடிந்தால் சாதாரண விரிகட்டை வெறுமனே சுழலும். ஓசூர்ப் பக்கத்து அடுக்குமாடிகளில் காணும் இலேசான காற்றறைக் கற்களுக்கு, அவற்றுக்கென்றே செய்த நீண்ட கட்டைகள் தேவை. எந்தச் சுவரானாலும் மேற்பூச்சின் தடிமனைக் கழித்துவிட்டே பிடிமான ஆழத்தைக் கணக்கிட வேண்டும். மட்டம் பார்க்கும் கருவிக்கு மட்டும் நாம் புதுச்சொல் தேட வேண்டாம். கொத்தனார் கையில் ரசமட்டம் இருக்கிறது.

இனி வடம். தேர்வடத்தை நினைவூட்டுவதால், படத்தையும் ஒலியையும் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கு அச்சொல் மிகை என்றும், கம்பி போதும் என்றும் சிலர் கருதுகிறார்கள். அந்தக் கேபிளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், உறையிட்ட முறுக்கிணைகள் (இரண்டிரண்டாக முறுக்கிய கம்பிகள்) பலவும் தனிக்கம்பிகளும் ஒன்றாகத் திரிந்து கிடப்பது தெரியும். செருகியில் 19 முனைகள் உள்ளன. பல புரிகள் சேர்ந்து முறுக்கியது வடம், ஒற்றையாக ஓடுவது கம்பி என்னும் வேறுபாடு தமிழில் பழையது. அதைக் கைவிடுவதற்குக் காரணம் இல்லை.

உறைமேல் அச்சிடும் தரப்பெயர்களை உயர்வேகம், மேம்பட்ட உயர்வேகம், மீவேகம் என்று பெயர்த்ததைக் கைவிட வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு எது பெரியது என்பதே தெரியாது. மேலும், இங்கே மாறுவது குறிகை (சிக்னல்) ஓடும் வேகமன்று. ஒரு நொடியில் எவ்வளவு தரவு செல்ல முடியும் என்னும் கொள்ளளவு. ஆகவே 10 கிகாபிட் வடம், 18 கிகாபிட் வடம், 48 கிகாபிட் வடம் என்று எண்ணாலேயே அழைப்போம். நொடிக்கு 60 சட்டகங்கள் கொண்ட 4கே படத்துக்கு 18 போதும். 120 சட்டகங்களில் விளையாட்டு ஆட விரும்புகிறவர் 48 கேட்டு வாங்கட்டும். தொலைக்காட்சியும் விளையாட்டுக் கருவியும் 2017-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.1 பதிப்பின் அந்தத் திறனைக் கொண்டிருந்தால்தான் அந்தச் செலவுக்குப் பயன் உண்டு.

நெடுந்தொலைவுக்கு வாங்கும் ஒளியிழை வடங்களுக்குத் திசை உண்டு என்பதால் அவற்றின் இரு முனைகளுக்கும் பெயர் வேண்டும். செட்டாப் பெட்டி போன்ற கருவியிலிருந்து படம் புறப்படும் பக்கத்தை மூலமுனை என்றும், தொலைக்காட்சியில் செருகும் பக்கத்தைத் திரைமுனை என்றும் முன்மொழிகிறேன். சுவருக்குள் குழாய் புதைத்து வடத்தை மாற்றி இழுத்துவிட்டால் படமே வராது. மீண்டும் உருவி எடுக்க வேண்டியிருக்கும். முக்கால் அங்குலக் குழாயில் எச்.டி.எம்.ஐ. செருகியின் தலை நுழைவதே கடினம் என்பதையும் வீடு கட்டுகிறவர்களுக்கான சொற்பட்டியலில் குழாய் என்ற பதிவின்கீழ் குறித்துவைக்கலாம்.

நம் பகுதிக்கு இந்த வேலை புதிதன்று. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில், 1916-இல், சேலத்தில் தமிழ் அறிவியல் சொற்களுக்கென ஒரு சங்கம் தொடங்கியவர்களுள் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியும் ஒருவர். அன்று கண்முன் இருந்தது வகுப்பறை. இப்போது நம் கண்முன் இருப்பது ஏணிமேல் துளைப்பானோடு நிற்கும் பணியாளரும், கீழே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வீட்டுக்காரரும். அவர்கள் இருவர் வாயிலும் தடையின்றி வரும் சொல்லையே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. தொலைக்காட்சியின் ஒலி அதே வடத்தின் வழியே திரும்பி ஒலிபெருக்கிக்குப் போவதற்கு 'ஏ.ஆர்.சி.' என்று குறித்த செருகுவாய் ஒன்று உண்டு. வடத்தை வேறு வாயில் செருகினால் அந்த வசதி கிடைக்காது. ஒலிமீள்வாய் என்பது என் தற்காலிக முன்மொழிவு. மீள்தல் என்றால் எதிரொலி என்று கொண்டுவிடுவார்களோ என்னும் ஐயம் எனக்கு இருக்கிறது. ஒலிபெருக்கி நிறுவுகிறவர்களிடம் கேட்டறிந்து, மாற்றுச் சொல் உள்ளவர்கள் அன்புகூர்ந்து எழுதுங்கள்.